மூலத்தைத் தேடிப் போவது எப்படி: ஆராய்ச்சிக்குப் புதியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உத்திரமேரூரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் ஓட்டுப் போட்டுத் தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று மேடைகளில் கேட்கிறோம், வாட்ஸ்அப்பில் படிக்கிறோம். பசலைக்கீரையில் (ஸ்பினாச்) இரும்புச்சத்து அதிகம் என்ற நம்பிக்கையே ஒரு தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்ததால் வந்தது என்றும் படித்திருப்போம். இரண்டுமே கேட்க நன்றாக இருப்பவை. மூலத்தைப் போய்ப் பார்த்தால் இரண்டுமே வேறு மாதிரி இருக்கின்றன.

முதுகலை மாணவர்கள், பிஎச்டி முதல் வருடத்தில் இருப்பவர்கள், எந்தப் பல்கலைக்கழகத்தோடும் தொடர்பில்லாமல் சொந்த ஆர்வத்தில் தேடுபவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். இயற்பியல், கணிதம், வரலாறு என எந்தத் துறையானாலும் அடிப்படை வேலை ஒன்றுதான். ஒரு கூற்று எங்கே பிறந்தது, எதன் மேல் நிற்கிறது என்று அந்த இடம் வரை போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் எதை ஆதாரம் என்று ஏற்பது என்பது துறைக்குத் துறை மாறும். அதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் தேட ஆரம்பிப்பதால்தான் பலர் நூற்றுக்கணக்கில் பேப்பர்களை இறக்கி வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள்.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

‘சோழர் நிர்வாகம்’ என்பது தலைப்பு, அது கேள்வி ஆகாது. ‘உத்திரமேரூர் சபையின் வாரியங்களில் (நிர்வாகக் குழுக்களில்) இடம்பெற யாருக்குத் தகுதி இருந்தது, எந்த முறையில் தேர்வானார்கள்?’ என்பது கேள்வி. ‘சர்க்கரை நோயும் உணவும்’ என்பது தலைப்பு. ‘வெள்ளை அரிசிக்குப் பதில் சிறுதானியம் சாப்பிட்டவர்களுக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை குறைந்ததா?’ என்பது கேள்வி.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை வையுங்கள். என்ன கிடைத்தால் இப்போது நினைப்பதை மாற்றிக்கொள்வேன் என்று உங்களால் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் கேள்வியை இன்னும் குறுக்க வேண்டும். கைடு கொடுத்த தலைப்பாக இருந்தாலும் இதைச் செய்துவிட்டுத்தான் நூலகத்துக்குப் போக வேண்டும்.

படி 2: உங்கள் துறையில் எது ஆதாரம் என்று முடிவு செய்யுங்கள்

இயற்கை அறிவியலில் ஆதாரம் என்பது அளவீடு. வேறொருவர் வேறொரு கூடத்தில் செய்தாலும் அது திரும்ப வர வேண்டும். ஒரே ஒரு பேப்பரை வைத்து முடிவு கட்ட முடியாது. 2015-இல் உளவியலாளர்கள் பலர் சேர்ந்து, அத்துறையில் வெளியான 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க முடிவு மறுபடியும் கிடைத்தது சுமார் 36 சதவீதத்தில்தான். மற்றவை எல்லாம் மோசடி என்று இதற்குப் பொருள் இல்லை. சிறிய மாதிரிகளில் தற்செயலாகக் கிடைப்பது நிறைய என்பதுதான் பொருள்.

கணிதத்தில் எத்தனை முறை சரிபார்த்தாலும் அது நிரூபணம் ஆகாது. n²+n+41 என்பதில் n-க்கு 0, 1, 2 என்று போட்டுக்கொண்டே வாருங்கள். 39 வரை எல்லாமே பகா எண்கள். 40 போட்டால் 1681, அதாவது 41-இன் வர்க்கம். இதையாவது ஒரு மதியத்தில் கண்டுபிடித்துவிடலாம். 1919-இல் ஜார்ஜ் போல்யா ஓர் ஊகத்தை முன்வைத்தார். எந்த எண் வரை எடுத்துக்கொண்டாலும், அதுவரை உள்ள எண்களில் பாதிக்குக் குறையாமல் ஒற்றைப்படை எண்ணிக்கையில் பகாக் காரணிகளைக் கொண்டிருக்கும் என்பது அது. சோதித்த இடத்தில் எல்லாம் சரியாகவே வந்தது. 1958-இல் ஹேசல்குரோவ் அது பொய் என்று காட்டினார். அது முதன்முதலாகத் தவறும் இடம் 90,61,50,257 என்று 1980-இல் தெரிந்தது. அதனால்தான் கணிதக்காரர்கள் ‘நிறைய பார்த்துவிட்டோம்’ என்பதை ஏற்பதில்லை.

ஆனால் நிரூபணத்திலும் ஓட்டை இருக்கலாம். எந்த வரைபடத்துக்கும் நான்கு வண்ணம் போதும் என்பதற்கு 1879-இல் கெம்பே ஒரு நிரூபணம் வெளியிட்டார். அதில் பிழை இருப்பதை ஹீவுட் 1890-இல்தான் காட்டினார். பதினொரு ஆண்டுகள் அது சரியென்றே இருந்தது. ரஷ்யக் கணிதவியலாளர் பெரல்மனின் கதை இதற்கு நேர் எதிர். பாயின்கரே ஊகத்துக்கான தம் நிரூபணத்தை 2002, 2003 ஆண்டுகளில், இதழில் வரும் முன்பே கட்டுரைகளைப் போடும் ஆர்க்சிவ் (arXiv) தளத்தில் போட்டதோடு நிறுத்திக்கொண்டார், எந்த ஜர்னலுக்கும் அனுப்பவில்லை. மற்றவர்கள் வரி வரியாகச் சோதித்து ஏற்றுக்கொண்டார்கள். கணிதத்தில் எந்த இதழில் வந்தது என்பதைவிட, நிரூபணத்தைப் படித்தவர்களுக்கு அது நிற்கிறதா என்பதே முக்கியம்.

வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளில் ஆதாரம் என்பது பிரதி, கல்வெட்டு, நாணயம், ஓலை. இங்கே பலம் எங்கிருந்து வருகிறது என்றால், ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு மூலங்கள் ஒரே விஷயத்தைச் சொல்லும்போது. கரூருக்குப் பக்கத்தில் புகலூர் ஆறுநாட்டார் மலையில் தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. சமண முனிவர் ஒருவருக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தியைச் சொல்லும்போது, இரும்பொறை மரபைச் சேர்ந்த மூன்று தலைமுறைச் சேரர்களின் பெயரை அவை வரிசையாகச் சொல்கின்றன. பதிற்றுப்பத்தின் கடைசிப் பத்துகளில் வரும் சேரர்களோடு இந்தப் பெயர்களைக் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் பொருத்திக் காட்டினார். பாட்டைப் பாடிய புலவரும் கல்லை வெட்டியவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க வேண்டிய தேவையே இல்லை. சங்க இலக்கியக் காலம் பற்றிய பேச்சில் இந்த மலை இவ்வளவு முக்கியமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

படி 3: தேடுங்கள், ஆனால் சரியான இடத்திலிருந்து தொடங்குங்கள்

நேராகப் புதிய பேப்பருக்குப் போகாதீர்கள். முதலில் அந்தத் தலைப்பில் ஒரு ரிவ்யூ கட்டுரையோ நல்ல பாடநூல் அத்தியாயமோ கிடைக்கிறதா என்று பாருங்கள். துறையில் எது முடிந்த விஷயம், எதில் இன்னும் சண்டை நடக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

அப்புறம் இரண்டு திசையில் போங்கள். கட்டுரையின் கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியல் உங்களைப் பின்னோக்கி அழைத்துப்போகும். கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே ‘சைட்டட் பை’ என்று இருக்கும். அது முன்னோக்கிப் போகும் வழி, பிறகு யார் யார் இதை எடுத்தாண்டார்கள், யார் மறுத்தார்கள் என்பது அங்கே கிடைக்கும். மறுப்புகளை முதலில் படியுங்கள். ஒரு கட்டுரையின் பலவீனத்தை நாமே தேடிக் கண்டுபிடிப்பதைவிட, அதே துறைக்காரர் ஒருவர் கோபத்தோடு எழுதியதைப் படிப்பது சீக்கிரம் விளங்கும்.

துறைக்கென்று தனித் தளங்களும் உண்டு. இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் ஆர்க்சிவ், இது 1991-இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கியது. மருத்துவத்துக்கு பப்மெட். எண் வரிசை ஏதாவது கையில் சிக்கினால் நீல் ஸ்லோன் தொடங்கிய எண் வரிசைக் களஞ்சியத்தில் (OEIS) முதல் ஆறேழு எண்களைத் தட்டிப் பாருங்கள், வேறொரு துறையில் அதே வரிசை வந்திருப்பது தெரியும். தமிழியலுக்கு மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம்.

தமிழ்ப் பெயர்களைத் தேடும்போது எழுத்துக்கூட்டல் ஒரு பெரிய தடை. உத்திரமேரூரை ஆங்கிலத்தில் ‘உத்தரமேரூர்’, ‘உத்திரமேரூர்’, பழைய அறிக்கைகளில் ‘உத்தரமல்லூர்’ என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். ஆங்கில ‘டி’ (t) ஒன்றா, இரண்டா, ‘எச்’ (h) சேர்த்தா சேர்க்காமலா என்பது தனி. எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ‘இந்த ஊரைப் பற்றி எதுவுமே இல்லை’ என்று வருபவர்களில் பாதிப் பேர் ஒரே வடிவத்தில் தேடியவர்களாகத்தான் இருப்பார்கள்.

படி 4: முழுக் கட்டுரையைக் கைக்குக் கொண்டுவாருங்கள்

சுருக்கத்தை மட்டும் படித்து மேற்கோள் காட்டவே கூடாது. பணம் கேட்கும் பக்கம் வந்தால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். ஸ்காலரில் ‘ஆல் வெர்ஷன்ஸ்’ என்பதைத் தட்டினால் ஆசிரியரே தம் பக்கத்தில் போட்டிருக்கும் பிரதி பல நேரம் கிடைக்கும். அன்பேவால் (Unpaywall) என்ற இலவச பிரவுசர் நீட்டிப்பு அதே வேலையைத் தானாகவே செய்யும். அரசு கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ இருந்தால், 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பாளர்களின் சுமார் 13,000 ஜர்னல்கள் உங்களுக்குத் திறந்திருக்க வேண்டும். உங்கள் நூலகரிடம் போய்க் கேளுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்டி ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா இருக்கிறது.

பழைய தமிழ் அச்சு நூல்கள், இதழ்கள் என்றால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த சேகரிப்பிலிருந்து பிறந்தது அது. அங்கே ஒரு முறையாவது போய் உட்கார்ந்து பாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். ஓலைச்சுவடிகளுக்குச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் உண்டு.

படி 5: படிப்பது

இதில்தான் நேரம் போகும், போகட்டும்.

அறிவியல் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க வேண்டியதில்லை. சுருக்கம், படங்கள், அப்புறம் செய்முறைப் பகுதி, கடைசியாக விவாதம் என்று போங்கள். செய்முறையில் மூன்று விஷயம் பாருங்கள்: எத்தனை மாதிரிகள், எதோடு ஒப்பிட்டார்கள், வேறு எந்த விளக்கத்தை எப்படித் தள்ளினார்கள். மூன்றாவதுதான் பலரும் தாண்டிப் போகிற இடம்.

பயிற்சிக்கு ஒரு பேப்பர் சொல்கிறேன். சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் 1928 மார்ச் 31 நேச்சர் இதழில் எழுதிய சிறு குறிப்பு. ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். சூரிய ஒளியைத் தொலைநோக்கி வில்லையால் குவித்துத் திரவத்தின் வழியே செலுத்துகிறார்கள். ஒளி உள்ளே போகும் பாதையில் ஒரு வண்ண வடிகட்டியையும், சிதறி வரும் பாதையில் அதற்கு நேர் எதிரான வடிகட்டியையும் வைக்கிறார்கள். நிறம் மாறாமல் சிதறும் ஒளி எதுவும் இரண்டாவதைத் தாண்ட முடியாது. ஆனாலும் ஒளி தெரிகிறது, ஆகவே நிறம் மாறியிருக்கிறது. இதை அறுபது திரவங்களில் பார்த்ததாகச் சொல்கிறார்கள். உடனே எழும் சந்தேகம், இது வெறும் ஒளிர்வாக (ஃபுளோரசன்ஸ்) இருக்கலாமே என்பது. அதற்கும் அங்கேயே பதில் இருக்கிறது: வழக்கமான சிதறலோடு ஒப்பிட்டால் இது மிக மங்கல், அதோடு இது தளவிளைவு (போலரைசேஷன்) அடைந்திருக்கிறது, ஆகவே ஒளிர்வு அல்ல. கருவி, எண்ணிக்கை, மாற்று விளக்கம், அதை மறுத்த காரணம் என்று எல்லாமே சில பத்திகளில். இதைப் பென்சிலோடு படித்தால், பிறகு எந்தப் பேப்பரிலும் இவை எங்கே என்று கண் தானாகத் தேடும்.

கணிதக் கட்டுரைக்கு வேறு வழி. வரையறைகளை உங்கள் கையால் எழுதுங்கள். தேற்றத்தை மிகச் சிறிய எடுத்துக்காட்டில் போட்டுப் பாருங்கள். பிறகு தேற்றத்தின் நிபந்தனைகளில் ஒன்றை எடுத்துவிட்டால் எங்கே உடைகிறது என்று கேளுங்கள். நிரூபணத்தில் அந்த நிபந்தனை எந்த வரியில் பயன்படுகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆனாலும் அது சாதாரணம்தான்.

இப்போது உத்திரமேரூருக்கு வருவோம். காஞ்சிபுரம் மாவட்டத்தில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் அந்தக் கல்வெட்டுகள் இருக்கின்றன. முதலில் கவனிக்க வேண்டியது, கல்வெட்டு ஒன்று அல்ல, இரண்டு. இரண்டுமே முதலாம் பராந்தகன் காலத்தவை. ஒன்று 12-ஆம் ஆட்சியாண்டு, அதாவது பொது ஆண்டு 919. மற்றது 14-ஆம் ஆட்சியாண்டு, 921. முதல் கல்வெட்டில் வயது வரம்பு 30 முதல் 60 வரை, இரண்டாவதில் 35 முதல் 70 வரை. இரண்டு ஆண்டுக்குள் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். ‘கல்வெட்டு சொல்கிறது’ என்று பொதுவாக எழுதுபவர் எதைப் பார்த்தார் என்று இந்த ஒரு எண்ணை வைத்தே கேட்கலாம்.

தகுதிகளைப் படியுங்கள். கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதப் படிப்பு வேண்டும், அதில் கூடுதல் தேர்ச்சி இருந்தால் அரைக்கால் வேலி நிலமே போதும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களுக்கும் அவர்களுடைய உறவினர்களுக்கும் இடமில்லை. இது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம், ஆகவே ‘மக்கள்’ என்று நாம் சொல்லும்போது யார் அதற்குள் வருகிறார்கள் என்பது இங்கேயே தெளிவாகிவிடுகிறது.

அடுத்து முறை. ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். இது ஓட்டு அல்ல, சீட்டுக் குலுக்கல். அப்படி வந்தவர்களிலிருந்து சம்வத்சர (ஆண்டு) வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவை அமைகின்றன. சுவரில் இருப்பதைப் படித்த பிறகு என் மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை. பதவியில் ஒருவரே ஒட்டிக்கொள்ளாமலும், கணக்கு ஏமாற்றியவர் திரும்ப வராமலும் பார்த்துக்கொள்ள ஒரு ஊர் சபை யோசித்து யோசித்து விதி எழுதியிருக்கிறது. ‘உலகின் முதல் தேர்தல்’ என்ற வரியில் இந்த நுணுக்கம் எல்லாமே தொலைந்துபோகிறது.

கல்வெட்டுப் பதிப்பைப் படிக்கும்போது அடைப்புக்குறிகளைத் தாண்டிப் போகாதீர்கள். சிதைந்த எழுத்து எது, பதிப்பாசிரியர் ஊகித்துச் சேர்த்தது எது என்பதை அவைதாம் காட்டுகின்றன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதி 1890-இல் ஹுல்ட்ஷ் பதிப்பில் தொடங்கியது. மொழிபெயர்ப்பை மட்டும் நம்பாமல் அதற்கு மேலே உள்ள மூல வாசகத்தையும் சேர்த்துப் படியுங்கள். இலக்கியப் பிரதி என்றால் எந்தப் பதிப்பு, எத்தனை சுவடிகளை ஒப்பிட்டது, பாடபேதம் (சுவடிக்குச் சுவடி மாறும் வாசகம்) கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது செய்த வேலையின் பெரும்பகுதி இதுதான்.

படி 6: மேற்கோள் சங்கிலியைக் கடைசி வரை பிடித்துப் போங்கள்

கீரைக் கதை இதற்குத்தான். ஜெர்மன் வேதியியலாளர் ஒருவர் தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்ததால் இரும்பின் அளவு பத்து மடங்காகப் பதிவானது என்பது கதை. 1981-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஹாம்ப்ளின் எழுதிய கட்டுரை வழியாக இது பெரிதாகப் பரவியது. அந்த இடத்தில் அவர் எந்த ஆதாரமும் கொடுக்கவில்லை. பிறகு வந்தவர்கள் அவரையோ, அவரை மேற்கோள் காட்டியவரையோ காட்டினார்கள். 2010-இல் மைக் சட்டன் என்ற குற்றவியலாளர் சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துப் போனார். புள்ளி பிழைத்த அந்த மூலக் கட்டுரையை அவரால் எங்குமே காண முடியவில்லை. 2014-இல் ஓலே பியோர்ன் ரெக்டல் இதே கதையை எடுத்துக்கொண்டு, அறிஞர்களே படிக்காமல் மேற்கோள் காட்டும் பழக்கத்தைப் பற்றி விரிவாக எழுதினார். ‘மூலத்தைச் சரிபாருங்கள்’ என்று அறிவுரை சொல்லப் பயன்பட்ட கதைக்கே மூலம் இல்லை.

செய்ய வேண்டியது எளிது. உங்கள் வாதம் எந்தக் கூற்றின் மேல் நிற்கிறதோ அதை மட்டும் எடுங்கள். அது காட்டும் மேற்கோளைத் திறந்து, அதே பக்கத்தில் அதே விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இன்னொன்றைக் காட்டினால் அதையும் திறங்கள். அளவீடு, நிரூபணம், பிரதி ஆகிய மூன்றில் ஒன்றில் வந்து முட்டும் வரை விடாதீர்கள்.

படி 7: கட்டுரை இன்னும் உயிரோடு இருக்கிறதா?

1998-இல் லான்செட் இதழில் எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி வந்த கட்டுரை 12 குழந்தைகளை மட்டுமே பார்த்தது. இதழ் அதைத் திரும்பப் பெற்றது 2010-இல். திரும்பப் பெற்ற பின்பும் அதைக் காட்டுபவர்கள் உண்டு. ஆகவே பதிப்பாளரின் பக்கத்திலேயே கட்டுரையைத் திறந்து, திருத்தமோ திரும்பப் பெறுதலோ அறிவித்திருக்கிறார்களா என்று பாருங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளம் இலவசம். ஆர்க்சிவ் கட்டுரை என்றால் எந்தப் பதிப்பைப் படித்தீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், இரண்டாம் பதிப்பில் முடிவே மாறியிருக்கலாம்.

காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் ஜர்னல்கள் நம் கல்லூரிகளைச் சுற்றி நிறைய. ஒரு வாரத்தில் ஏற்பு, கட்டணத்துக்கு யுபிஐ எண், எல்லாத் துறையும் ஒரே இதழில் என்று இருந்தால் விலகிவிடுங்கள். அங்கே போட்ட பேப்பர் உங்கள் பெயரோடு கடைசி வரை வரும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவி கொடுக்கும் மேற்கோள்களில் இல்லாத கட்டுரைகளும் கலந்திருக்கும். ஆசிரியர் பெயர் நிஜமாக இருக்கும், இதழ் நிஜமாக இருக்கும், கட்டுரை மட்டும் இருக்காது. கட்டுரைக்கான நிரந்தர அடையாளமான டிஓஐ (DOI) எண்ணைத் தட்டி, பக்கம் திறந்து, தலைப்பு பொருந்தினால் மட்டும் பட்டியலில் சேருங்கள்.

படி 8: குறிப்பும் கேள்வியும்

மேற்கோள்களைச் சேர்த்து வைக்கும் மென்பொருளான ஜொடேரோ (Zotero) இலவசம், அதில் சேமியுங்கள். ஒவ்வொரு குறிப்பிலும் பக்க எண் இருக்கட்டும். ஆசிரியரின் வார்த்தைகள் மேற்கோள் குறிக்குள், உங்கள் கருத்து தனிப் பத்தியில். ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது எது யாருடையது என்று குழம்பினால், தெரியாமலேயே எழுத்துத் திருட்டில் மாட்டிக்கொள்வீர்கள்.

முட்டி நிற்கும் இடத்தில் ஆசிரியருக்கே எழுதுங்கள். பெரிய அறிஞர் பதில் போட மாட்டார் என்று நினைத்துத் தயங்க வேண்டாம், தம் கட்டுரையை உண்மையிலேயே படித்தவரின் கேள்வி அவர்களுக்கும் அரிது. மின்னஞ்சல் ஐந்தாறு வரியில் முடியட்டும். நீங்கள் யார் என்று ஒரு வரி. எந்தக் கட்டுரை, எந்தப் பக்கம் என்று ஒரு வரி. அங்கே என்ன புரிந்தது, எங்கே நின்றுவிட்டீர்கள், தெளிவு தேடி வேறு எதைப் படித்தீர்கள் என்று இரண்டு மூன்று வரி. கடைசியில் ஒரே ஒரு கேள்வி. ‘இந்தத் தலைப்பில் எனக்கு வழிகாட்டுங்கள்’ என்று கேட்டால் பதில் வராது. ‘மூன்றாம் படத்தில் உள்ள ஒப்பீட்டுக் குழுவை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?’ என்று கேட்டால் பெரும்பாலும் வரும். இரண்டு வாரம் பார்த்துவிட்டு ஒரு முறை நினைவூட்டுங்கள், அதற்கும் பதில் இல்லையென்றால் அந்தக் கட்டுரையின் இரண்டாம் ஆசிரியருக்கு எழுதுங்கள். அளவீடுகளைக் கையால் எடுத்தவர் அவராகவும் இருக்கலாம்.